ஆறில் சேர்ந்தவர்கள் பன்னிரண்டில் எங்கே?

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் கும்பகோணத்தில் பள்ளிக்கூட பேனர்கள் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். மகாமகக் குளத்தைச் சுற்றி, பேருந்து நிலையத்துக்கு எதிரே, தாராசுரம் போகிற சாலையில் என்று எங்கே திரும்பினாலும் ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ என்ற வரியும், போன வருடம் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படங்களும்தான். எங்கள் வீட்டில் சின்னவன் இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு. மூத்தவள் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. ஒருமுறை இதைக் கடந்து வந்தவள் என்பதால், சின்னவன் பள்ளி வாசலில் நிற்கிற அம்மாக்கள் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள்: “ஆறாவதுக்கு எங்கக்கா போடப்போறீங்க?” நின்ற வாக்கில் பதில் சொல்லி முடிகிற கேள்வி இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எல்.கே.ஜி. சேர்க்கும்போது வீட்டுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்த்தோம். பதினொன்றாம் வகுப்பில் பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான் பெரும்பாலும் முடிவு செய்யும். நடுவில் வருகிற இந்த ஆறாம் வகுப்புதான் பெற்றோர் யோசித்து, விசாரித்து, பிள்ளையையும் கேட்டு முடிவெடுக்க வாய்ப்புள்ள ஒரே கட்டம். பதினோரு வயதில் உள்ளே போகிற பிள்ளை பதினெட்டு வயதில் வெளியே வரும். வயதுக்கு வருவது, குரல் உடைவது, முதல் நெருங்கிய சிநேகிதம், முதல் தோல்வி என்று எல்லாம் அந்த வளாகத்துக்குள்தான் நடக்கப்போகிறது. அந்த ஏழு வருடமும் பிள்ளையை விடாமல் வைத்திருக்கிற பள்ளியா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அது என்ன, விடாமல் வைத்திருப்பது? என் அண்ணன் மகன் கதையைச் சொன்னால் புரியும்.

அண்ணன் குடும்பம் வேறு ஊரில் இருக்கிறது. பையனை ஆறாம் வகுப்பில் ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தார்கள். வருடா வருடம் பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் தேர்ச்சி காட்டுகிற பள்ளி. பையன் கணக்கில் சுமார், மற்றதில் பரவாயில்லை. எட்டாம் வகுப்பு வரை ஒரு புகாரும் இல்லை. ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முன்னால் ஒரு நாள் அண்ணி போன் பண்ணினார்கள்.

“ஹெச்.எம். கூப்பிட்டு விட்டாங்கம்மா. பத்தாவதுக்கு இவன் தாங்கமாட்டானாம். இப்பவே வேற ஸ்கூல் பாத்துக்கிட்டா பாஸ்னு போட்டு டி.சி. தர்றாங்களாம். இங்கயேதான் இருப்பேன்னா ஒன்பதாவது ஃபெயில்னு போட்டுருவோம்ங்கிறாங்க.”

“அவன் என்ன சொல்றான் அண்ணி?”

“ரெண்டு நாளா சரியா சாப்பிடல. ‘என் பிரண்ட்ஸெல்லாம் அங்கதானம்மா இருக்காங்க’ன்னு மட்டும் சொன்னான்.”

அவனை அரசுப் பள்ளியில் சேர்த்தார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கு உட்பட எல்லாவற்றிலும் தேறினான். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, காமர்ஸ் குரூப். நன்றாகத்தான் படிக்கிறான். ஆனால் பதினான்கு வயதில் ‘நீ எங்களுக்கு வேண்டாம்’ என்று ஒரு பெரிய மனிதர் சொல்லக் கேட்டது அவனுக்குள் எங்கோ இருக்கிறது. முன்புபோல் அவன் கலகலப்பாகப் பேசுவதில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஏன் ஒன்பதாம் வகுப்பு? இதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் காப்புத் தருவது ஆறு முதல் பதினான்கு வயது வரைதான், அதாவது எட்டாம் வகுப்பு முடியும் வரைதான். அதுவரை எந்தப் பிள்ளையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது. தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டு வரை யாரையும் ஃபெயில் போட்டு நிறுத்துவதும் இல்லை. ஒன்பதில் அந்தக் காப்பு போய்விடுகிறது. அடுத்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதுதான் தேர்ச்சி சதவீதம். எழுதுவதற்கு முன்பே வெளியே அனுப்பப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. முப்பது பேர் வகுப்பில் ஐந்து பேரை ஒன்பதிலேயே அனுப்பிவிட்டால் மிச்சம் இருபத்தைந்து பேரும் தேறி நூறு சதவீதம் வந்துவிடும். ஃபிளெக்ஸில் அந்த நூறு மட்டும்தான் தெரியும். ஒன்பதாம் வகுப்பு இப்படித்தான் சல்லடை ஆகிவிடுகிறது. எல்லாப் பள்ளியும் இப்படி என்று நான் சொல்லவில்லை. கடைசி பெஞ்சுப் பிள்ளையைச் சாயங்காலம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துக் கரையேற்றுகிற ஆசிரியர்களை என் மகள் பள்ளியிலேயே பார்க்கிறேன். இரண்டு வகைப் பள்ளியையும் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

கல்வி உரிமைச் சட்டத்தின் இருபத்தைந்து சதவீத இட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்கும் இந்த ஒன்பதாம் வகுப்பு ஒரு கண்டம். எட்டு வரைதான் அரசு பணம் கட்டும். அதற்குமேல் அதே பள்ளியில் இருக்க வேண்டுமென்றால் முழுக் கட்டணம் நம் கையிலிருந்து. எங்கள் தெருவில் ஒரு தறிக்காரர் வீட்டில் இது கடைசி நேரத்தில்தான் தெரிய வந்தது. உங்கள் பிள்ளை இந்த ஒதுக்கீட்டில் இருந்தால், ஐந்து முடிகிற இந்த வருடமே ஒன்பதைப் பற்றி யோசித்துவிடுங்கள்.

சரி, ஒரு பள்ளி பிள்ளைகளை வைத்துக்கொள்கிறதா, வெளியே அனுப்புகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விசாரித்தால் தெரிந்துவிடும். ஆறாம் வகுப்பில் எத்தனை செக்‌ஷன், எட்டில் எத்தனை, பத்தில் எத்தனை என்று கேளுங்கள். ஆறில் நான்கு செக்‌ஷன் இருந்து பத்தில் இரண்டுதான் இருக்கிறது என்றால், நடுவில் அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பது அடுத்த கேள்வி. ஊர் மாறிப் போனவர்கள் கொஞ்சம் பேர் இருப்பார்கள்தான், ஆனால் பாதி வகுப்பு ஊர் மாறாது. பத்தாம் வகுப்பில் நிறைய பேர் இருந்து பதினொன்றில் வெளியிலிருந்து வந்த புதுப் பிள்ளைகளே அதிகம் என்றால் அதுவும் கவனிக்க வேண்டியது. ஆறிலிருந்து படித்த சொந்தப் பிள்ளைகளுக்குப் பதினொன்றில் இடம் இல்லாமல், அதிக மதிப்பெண் வாங்கிய வெளிப்பிள்ளைகளை இழுத்துப் போட்டு முடிவு காட்டுகிற பள்ளிகள் உண்டு.

கேட்க வேண்டிய ஆள் அலுவலக அறையில் இருப்பவர் மட்டும் அல்ல. அந்தப் பள்ளியில் இப்போது எட்டு, ஒன்பது படிக்கிற சுமாரான பிள்ளையின் அம்மாவைத் தேடிப் பிடியுங்கள். முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளையின் வீட்டில் எந்தப் பள்ளியைப் பற்றியும் நல்லதாகத்தான் சொல்வார்கள். சுமாராகப் படிக்கிற பிள்ளையை டீச்சர் எப்படிக் கூப்பிடுகிறார், பேரன்ட்ஸ் மீட்டிங்கில் அந்த அம்மாவை எந்தத் தொனியில் பேசுகிறார், ரேங்க் கார்டு கொடுக்கும்போது வகுப்பு முன்னால் மார்க்கை வாசிக்கிறார்களா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் தடை செய்யப்பட்டவை. அது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. வகுப்பறையில் இருக்கிறதா என்பதை அங்கே படிக்கிற பிள்ளைதான் சொல்ல முடியும்.

தலைமையாசிரியரிடம் நான் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று. “கணக்குல பின்தங்குற பிள்ளைக்கு நீங்க என்ன செய்வீங்க சார்?” என் மகளைச் சேர்க்கப் போனபோது அந்தத் தலைமையாசிரியை, “எங்ககிட்ட ஆறாவது வர்றப்ப தமிழே கூட்டி வாசிக்கிற பிள்ளைங்க இருக்காங்கம்மா. முதல் ரெண்டு மாசம் நாங்க பாடத்தையே தொடமாட்டோம், வாசிக்கத்தான் வைப்போம்” என்றார். நான் அங்கே சேர்த்ததற்கு அந்தப் பதில் முக்கியக் காரணம். ‘டியூஷன் வெச்சுக்குங்க’ என்பது மட்டுமே பதிலாக வந்தால், அந்தப் பள்ளி தன் வேலையில் பாதியை உங்கள் தலையில் கட்டுகிறது.

பள்ளி எத்தனையாம் வகுப்பு வரை இருக்கிறது என்பதையும் பலர் பார்ப்பதில்லை. நடுநிலைப் பள்ளி எட்டோடு முடியும், உயர்நிலைப் பள்ளி பத்தோடு முடியும், மேல்நிலைப் பள்ளிதான் பன்னிரண்டு வரை. எட்டு முடிந்து மாறுவது ஒன்றும் கெடுதல் இல்லை. ஆனால் மாற வேண்டியிருக்கும் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளி என்றால் என்னென்ன குரூப் இருக்கிறது என்று இப்போதே கேளுங்கள். கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள ஃபர்ஸ்ட் குரூப்பும் கம்ப்யூட்டர் சயின்ஸும் மட்டும் வைத்துக்கொண்டு, காமர்ஸோ வரலாறோ தொழிற்கல்விப் பிரிவோ இல்லாத பள்ளி, எந்தப் பிள்ளை தனக்கு வேண்டும் என்பதை முன்பே தீர்மானித்துவிட்ட பள்ளி. பதினோரு வயதுப் பிள்ளை பதினாறில் எதை விரும்பும் என்று நமக்கு எப்படித் தெரியும்?

இனி அரசுப் பள்ளி விஷயம். இதை எழுத எனக்குத் தனி ஆர்வம் இருக்கிறது, ஏனென்றால் எனக்குத் தெரிந்த படித்த குடும்பங்களிலேயே இது தெரியாமல் முடிவெடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் பல சலுகைகளுக்குக் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. 2020இல் மருத்துவப் படிப்பில் கொண்டுவந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2021இல் அதையே பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கும் சட்டமாக்கினார்கள். அதில் இடம் கிடைத்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரி போகிற பெண்களுக்கு மாதம் ₹1,000 தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022இலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இலும் வந்தன. அவற்றுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்பதுதான் நிபந்தனை. ஏழாம் வகுப்பு வரை தனியாரில் படித்துவிட்டு எட்டில் அரசுப் பள்ளிக்கு வந்தால் பொதுவாக இந்தக் கணக்கில் சேராது. எட்டாம் வகுப்பில் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வு இருக்கிறது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம். வீட்டு வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடத்துக்கு ₹12,000.

தமிழ் வழியில் படிக்கிற பிள்ளையாக இருந்தால் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். மாநில அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010 முதல் இருக்கிறது. 2020இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, ஒன்றாம் வகுப்பு முதல் அந்த வேலைக்கான தகுதிப் படிப்பு வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஐந்து வரை தமிழ் வழி, ஆறில் இங்கிலீஷ் மீடியம் என்று மாற்றுகிறவர்கள் இதை விட்டுக்கொடுக்கிறார்கள். மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். இப்போது பல அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவும் இருக்கிறது.

சலுகைக்காக மட்டும் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதும் என் கருத்துதான். ஒரு பாடத்துக்கு ஆசிரியரே இல்லாமல் மாதக்கணக்கில் ஓடுகிற அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. மூத்தவள் ஏழாவது படித்தபோது அறிவியலுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லாமல் கொஞ்ச காலம் திண்டாடினார்கள். பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்தில் நாங்கள் அம்மாக்கள் சேர்ந்து கேட்டோம். அந்தக் குழுவில் பெரும்பாலானவர்கள் பெற்றோர்தான், தலைவரும் பெற்றோர்தான். அரசுப் பள்ளியில் சேர்ப்பவர்கள் அதற்குப் போக வேண்டும், வாய் திறந்து கேட்க வேண்டும். பணம் கட்டவில்லை என்பதால் கேட்க உரிமை இல்லை என்று நினைக்கிற தயக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அது போக வேண்டும்.

அரசுக்கும் தனியாருக்கும் நடுவில் அரசு உதவிபெறும் பள்ளி என்று ஒன்று இருப்பதே புதிய பெற்றோர் பலருக்கு நினைவில் வருவதில்லை. சம்பளத்தை அரசு கொடுக்கும், நிர்வாகம் ஓர் அறக்கட்டளையோ மிஷனோ. பழைய பள்ளிகளாக இருப்பதால் பெரிய மைதானம், நிழல் தருகிற மரங்கள், பத்துப் பதினைந்து வருடமாக அங்கேயே இருக்கிற ஆசிரியர்கள் என்று பல வசதிகள் இருக்கும். எங்கள் ஊர் டவுன் மேல்நிலைப் பள்ளியில்தான் ராமானுஜன் படித்தார், 1904இல் கணிதத்துக்காக ரங்கநாத ராவ் பரிசும் வாங்கினார். அதே ராமானுஜன் அடுத்துக் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார் என்பதை அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். மதுரையில் பாரதியார் 1904இல் தமிழாசிரியராக இருந்த சேதுபதி மேல்நிலைப் பள்ளியும் இந்த வகைதான். ஒன்று கவனியுங்கள், 7.5 சதவீத ஒதுக்கீடு உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது. புதுமைப் பெண்ணும் தமிழ்ப் புதல்வனும் அங்கே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மட்டும் உண்டு.

சி.பி.எஸ்.இ.யா, ஸ்டேட் போர்டா என்ற கேள்விக்கு மற்றவர்கள் கொடுக்கிற இடத்தை நான் கொடுப்பதில்லை. 2010இல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வருவதற்கு முன்பு மாநிலத்துக்குள்ளேயே ஸ்டேட் போர்டு, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு பாடத்திட்டம் இருந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு எல்லாம் ஒன்றானது. ஆக மெட்ரிக் பள்ளியிலும் அரசுப் பள்ளியிலும் ஒரே பாடத்திட்டம்தான். 2018–19இலிருந்து புதுப் புத்தகங்கள் வந்தன. மூத்தவளுடைய புத்தகங்களை நான் தினமும் புரட்டுகிறேன், நன்றாகவே இருக்கின்றன. நீட் எழுத வேண்டுமென்றால் சி.பி.எஸ்.இ.தான் என்று ஆறாம் வகுப்பிலேயே முடிவு கட்டுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நீட் கேட்பது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல், உயிரியல். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு 2007 முதல் நுழைவுத்தேர்வே இல்லை. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிட்டு ரேங்க் போடுகிறார்கள். ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் என்று தனி பீஸ் வாங்குகிற பள்ளிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வகுப்புக்கான நேரம் பெரும்பாலும் பி.டி. பீரியடிலிருந்தும் நூலகத்திலிருந்தும்தான் எடுக்கப்படுகிறது. வேலை நிமித்தம் மாநிலம் மாநிலமாக மாற்றலாகிற குடும்பத்துக்கு சி.பி.எஸ்.இ. வசதி, அது நியாயமான காரணம்.

பாடத்தை முழுசாக நடத்துகிறார்களா என்று கேட்பது அதைவிட முக்கியம். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பத்தைத் தொடங்குவது, பதினொன்றை அப்படியே தாண்டிவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டையே உருப்போட வைப்பது என்று ஒரு வழக்கம் இங்கே நெடுங்காலமாக இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017–18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். இப்போது மாநிலக் கல்விக் கொள்கைப்படி 2025–26 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரு பாரம் குறைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பழைய வழக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்வது இனி பெற்றோர் பொறுப்பு. ஜனவரி மாதத்தில் போய் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள். எந்த வகுப்புப் பாடம் அதில் இருக்கிறது என்பதே பதில்.

சேர்க்கை நேரத்தில் பெற்றோர் மிரண்டுபோகிற ஒரு விஷயம் நுழைவுத் தேர்வு. ஆறாம் வகுப்புக்கு எழுத்துத் தேர்வு, பிள்ளைக்கு இன்டர்வியூ, அப்பா அம்மாவுக்கு இன்டர்வியூ என்று நடத்துகிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு இதைத் தடை செய்கிறது. முதல் தடவைக்கு ₹25,000 வரையும் அடுத்தடுத்த தடவைக்கு ₹50,000 வரையும் அபராதம் விதிக்கலாம். நன்கொடை வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரை. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அமராவதிநகர் சைனிக் பள்ளி போன்றவை தனி வகை, அங்கே ஆறுக்கும் ஒன்பதுக்கும் அகில இந்தியத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும். மற்றபடி பதினோரு வயதுப் பிள்ளையைத் தேர்வு வைத்துக் கழிக்கிற பள்ளி, ஒன்பதில் என்ன செய்யும் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுகிறது.

கட்டணத்துக்கு 2009இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் உள்ள குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கும். அந்தத் தொகையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதோடு வேன் பீஸ், யூனிஃபார்ம், புத்தகம், ஆண்டு விழா எல்லாம் சேர்த்து ஏழு வருடத்துக்குப் போடுங்கள். முதல் வருடம் கடன் வாங்கிக் கட்டிவிடலாம். ஒன்பதில் கட்ட முடியாமல் போனால் அடி விழுவது பிள்ளைமேல்.

கட்டடத்தைப் பற்றிக் கும்பகோணத்துக்காரியான நான் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. 2004 ஜூலை 16, காசிராமன் தெரு. கீற்றுக்கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் போனார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், ஏறி இறங்கக் குறுகலான ஒரு படிக்கட்டு. அந்தப் பிள்ளைகள் இருந்திருந்தால் இன்று அவர்களுக்கே பள்ளி வயதில் பிள்ளைகள் இருந்திருக்கும். இந்த ஊரில் பள்ளி பார்க்கப் போகிற எந்த அம்மாவும் முதலில் படிக்கட்டைத்தான் பார்ப்பாள். மாடி வகுப்பிலிருந்து இறங்க இரண்டாவது வழி இருக்கிறதா, அது பூட்டிக் கிடக்கிறதா, ஜன்னல் கம்பி திறக்குமா, சமையல் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். தீயணைப்புத் துறைச் சான்றும் கட்டட உறுதிச் சான்றும் இருக்கின்றனவா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். முகம் சுளித்தால் அங்கே சேர்க்காதீர்கள். வேனில் அனுப்புகிறவர்கள் அதையும் நேரில் ஏறிப் பாருங்கள். 2012இல் சேலையூர்ப் பள்ளி ஒன்றில் படித்த ஒரு சின்னப் பெண் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இறந்த பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன.

பெண் பிள்ளை என்றால் கழிப்பறையைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. விருந்தினருக்குக் காட்டுகிற அறையை அல்ல, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போகிற கழிப்பறையை. தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா, நாப்கின் போட இடம் இருக்கிறதா? இது சரியில்லாத பள்ளியில் பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். மாதத்தில் சில நாள் லீவும் போடுகிறார்கள். அந்த நாட்களில் நடத்திய பாடம் போனதுதான்.

தூரம் பற்றி என் கருத்து கறாரானது. ஒரு வழிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் பயணம் என்றால் எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்தாலும் வேண்டாம். காலையில் ஆறே முக்காலுக்கு வேன் ஏறி, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஏழு மணிக்கு வீடு வருகிற பிள்ளைகளை எங்கள் தெருவில் பார்க்கிறேன். சாப்பிடும்போதே தூங்குகிறார்கள். விளையாட்டு, கதைப் புத்தகம், பாட்டியோடு பேசுவது எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளப்படுகிறது. மூத்தவள் டவுன் பஸ்ஸில் இலவச பாஸில் போய் வருகிறாள். நான்கரைக்கெல்லாம் வீடு. அந்தச் சாயங்காலங்களில்தான் அவள் வாசிக்கிறவளாக மாறினாள்.

பிள்ளையைக் கேட்க வேண்டுமா என்று ஒரு அம்மா என்னைக் கேட்டார். கட்டாயம் கேட்க வேண்டும். ‘எந்த ஸ்கூல் வேணும்?’ என்று கேட்டால் சிநேகிதன் போகிற பள்ளியைத்தான் சொல்வான், அது இயல்பு. சின்னவனை நான் கேட்டது வேறு மாதிரி. “இப்ப இருக்குற ஸ்கூல்ல உனக்கு எது புடிக்காது?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கேள்வி கேட்டா ‘அப்பறம்’னு சொல்லிட்டு அப்பறம் சொல்லவே மாட்டாங்கம்மா” என்றான். அவனுக்கு என்ன தேவை என்று அதில் தெரிந்துவிட்டது. இப்போது எங்கள் பட்டியலில் இருப்பது இரண்டு. ஒன்று ஆண்கள் அரசுப் பள்ளி, இன்னொன்று உதவிபெறும் பள்ளி. இரண்டிலும் வகுப்பு நடக்கும்போது கொஞ்ச நேரம் வராந்தாவில் நிற்க அனுமதி கேட்டிருக்கிறேன். ஆறாம் வகுப்பில் பிள்ளைகளின் குரலும் கேட்கிறதா, ஆசிரியர் குரல் மட்டும்தானா என்று அங்கே நின்று கேட்க வேண்டும்.

இவ்வளவு பார்த்தும் சேர்த்த பள்ளி சரிப்படவில்லை என்றால் மாற்றிவிடலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். கட்டணப் பாக்கியைக் காட்டி டி.சி.யை நிறுத்திவைக்கக் கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவும் முடியாது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் பிள்ளையின் விவரமெல்லாம் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் எண்ணில் இருக்கும், அந்த எண்ணை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதில் யாராவது கூப்பிட்டு ‘டி.சி. வாங்கிக்கோங்க’ என்றால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். காரணத்தை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள், மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனுக் கொடுங்கள், பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417க்குப் போன் செய்யுங்கள். எங்கள் அண்ணிக்கு அன்றைக்கு இந்த எண் தெரியாது.

உங்கள் ஊரில் ஆறில் சேர்ந்தவர்களைப் பன்னிரண்டு வரை கைவிடாமல் கொண்டுபோகிற பள்ளி எது என்று தெரிந்தால், இந்த மாதம் பள்ளி தேடிக்கொண்டிருக்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அந்தப் பள்ளிகள் பெரும்பாலும் பேனர் கட்டுவதில்லை.